கொல்லன் உலையின் மண்குழாய்

ஒரு பழைய கருவி கையில் அகப்படுகின்றது. தோட்டத்துப் பழைய பட்டறையை இடித்துப் புதிய கட்டடம் எழுப்பும்போதோ, லயத்தின் பின்புறம் காய்கறிப் பாத்தி வெட்டும்போதோ, மழைக்குச் சரிந்த மண்மேட்டின் அடியிலோ அது வெளிப்படலாம். துருவேறிய இரும்பாக இருக்கலாம். சுட்ட மண்ணாகவும் இருக்கலாம். எடுத்தவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கின்றார். “இது எதற்குப் பயன்பட்டது?” என்று அருகில் நிற்பவரைக் கேட்கின்றார். விடை கிடைக்காவிட்டால் இரும்புத் துண்டு பழைய இரும்பு வாங்குபவரின் சாக்கிற்குள் போகின்றது; மண்பொருள் வேலியோரத்தில் எறியப்படுகின்றது. அத்துடன் வரலாற்றின் ஏடொன்று கிழிந்து போகின்றது.

“இது எதற்குப் பயன்பட்டது?” என்பது சிறிய வினாப்போலத் தோன்றும். உண்மையில் அது வரலாற்றாசிரியனின் வினா. மன்னர்கள் கல்வெட்டுப் பொறித்தார்கள். துறவிகள் ஏடு எழுதினார்கள். கொல்லன் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அவன் விட்டுச்சென்றவை அவன் செய்த பொருள்களும், அவற்றைச் செய்ய உதவிய கருவிகளுமே. ஆதலால் அவனுடைய வரலாற்றை அறிய விரும்புவோர் கருவியையே ஏடாகப் படிக்கவேண்டும்.

கருவியைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலாவது அதன் வடிவம். இரண்டாவது அதன் தேய்வு. மூன்றாவது அது கிடந்த இடம். நான்காவது அதன் பெயரும், அதைக் கையாண்டவர்களின் வாய்மொழியும். இந்த நான்கு சாட்சிகளையும் ஒருசேர விசாரித்தாலன்றி உண்மை வெளிப்படாது. மலைநாட்டுத் தோட்டங்களில் அன்றாடம் புழங்கும் கருவிகளையே எடுத்துக்கொள்வோம். களை சுரண்டும் சுரண்டியின் ஒரு மூலை மட்டும் தேய்ந்திருந்தால், அதைப் பிடித்தவர் எந்தக் கைப் பழக்கமுடையவர் என்பது விளங்கும். உளியின் தலை மழுங்கி விரிந்திருந்தால் அது சம்மட்டி அடி தாங்கியது என்பது விளங்கும். மண்ணில் குழி தோண்டவும் கல்லைப் புரட்டவும் உதவுகின்ற அலவாங்கு, நெம்புகோலைக் குறிக்கும் ‘அலவாங்கா’ என்ற போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த பெயரைத் தாங்கியிருக்கின்றது. கருவியின் தேய்வு கையைக் காட்டுகின்றது. பெயர் கடல்கடந்த உறவைக் காட்டுகின்றது.

இனி, கொல்லனின் பட்டறைக்குள் நுழைவோம். பட்டடைக் கல், சம்மட்டி, குறடு, துருத்தி ஆகியவற்றைச் சிறுவரும் இனங்கண்டு கூறுவர். ஆனால் ஒருவரும் கவனியாத ஒரு பொருள் உலையின் வாயிலே புதைந்து கிடக்கும். அதுதான் மண்குழாய். துருத்தி தோலால் ஆனது. அதன் மூக்கு மரத்தாலோ மெல்லிய இரும்பாலோ ஆனது. அதனை எரிகின்ற கரிக்குள் நேரே நுழைத்தால் சிறிது பொழுதில் கருகிப்போகும். ஆகையால் துருத்திக்கும் நெருப்புக்கும் நடுவே களிமண்ணால் செய்த குழாயொன்றை வைப்பார்கள். காற்று அதனூடாகச் சென்று கரியை மூட்டும். நெருப்பின் பக்கமுள்ள முனை நாளடைவில் உருகிக் கண்ணாடிபோல் பளபளப்படையும். இரும்பின் கசடாகிய கிட்டம் அதன்மேல் வழிந்து உறையும். மறுமுனை வெறும் சுட்ட மண்ணாகவே இருக்கும். உடைந்தால் எடுத்தெறிந்துவிட்டு வேறொன்று செய்துகொள்வார்கள். இத்துணை மலிவான பொருளாதலின் இதனைப் போற்றி வைப்பார் எவருமில்லை.

ஆயினும், இலங்கையின் தொழில் வரலாற்றிலே பெரியதோர் உண்மையை வெளிப்படுத்தியது இந்த எளிய மண்குழாய்தான். அந்த வரலாற்றை அறிவதற்கு முன், இந்நாட்டுக் கொல்லரைப்பற்றி முன்னோர் எழுதிவைத்தவற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்து தப்பிச்சென்ற றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681 ஆம் ஆண்டில் தம் நூலை வெளியிட்டார். மலைநாட்டு மக்கள் தாமே மண்ணிலிருந்து இரும்பு எடுத்தனர் என்பதை அவர் குறித்துள்ளார். கொல்லரைப்பற்றி அவர் தரும் காட்சி சுவையானது. கருவி செய்விக்க வருபவர் இரும்பையும் கரியையும் தாமே கொண்டுவரவேண்டும். கொல்லர் தம் ஆசனத்தில் அமர்ந்திருப்பார். வந்தவரே துருத்தி ஊதவேண்டும். வந்தவரே பெரிய சம்மட்டியால் அடிக்கவேண்டும். கொல்லர் இரும்பைக் குறட்டில் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார். முடிவில் சிறு சுத்தியலால் செம்மை செய்வார். அவருக்குரிய ஊர்களில் வேறு கொல்லர் தலையிடுவதில்லை. உழவனுக்குக் கலப்பைக் கொழு இன்றியமையாததாதலால் கொல்லருக்கு அத்துணை மதிப்பு இருந்தது.

நொக்ஸுக்குப் பின் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து, 1821 ஆம் ஆண்டில், ஜோன் டேவி என்ற இராணுவ வைத்தியர் இலங்கையின் உள்நாட்டைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதிலும் இரும்பு உலை இடம்பெறுகின்றது. பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலாநிதி ஆனந்த குமாரசுவாமி வருகின்றார். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வராகிய அவர் கலை அறிஞராகப் புகழ்பெறுவதற்கு முன் நிலவியல் அறிஞராக விளங்கினார். இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். பலாங்கொடைப் பகுதியிலே அழிந்துகொண்டிருந்த இரும்புத் தொழிலையும் உருக்குத் தொழிலையும் நேரிலே கண்டு, 1908 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற நூலிலும் அவற்றை விவரித்தார்.

இவர்கள் காலத்து உலைக்குக் காற்றூட்டியது காலால் மிதிக்கும் இரட்டைத் துருத்தி. தோலால் மூடிய இரு குழிவான கலங்களின்மேல் ஒருவர் நின்றுகொள்வார். தோலின் நடுவே ஒரு துளை இருக்கும். குதிகாலால் துளையை அடைத்து மிதிக்கும்போது உள்ளிருக்கும் காற்று குழாய்வழியே உலைக்குள் பாயும். காலை எடுத்ததும், மேலே வளைத்துக் கட்டிய கழி தோலை இழுத்து உயர்த்தும். துளைவழியே புதுக்காற்று புகும். இடக்கால், வலக்கால் என்று மாறிமாறி மிதித்துக்கொண்டே இருந்தால் காற்று இடையறாது ஓடும். நடனம்போன்ற இந்த வேலை மணிக்கணக்கில் நீடிக்கும்.

இவ்விவரங்களைப் படித்த அறிஞர்கள் ஓர் எளிய முடிவுக்கு வந்தனர். இரும்பு உலை இருந்த இடமெல்லாம் துருத்தியும் இருந்திருக்க வேண்டும். மண்குழாய் கிடைத்தால் அதன் மறுமுனையில் துருத்தி பொருத்தப்பட்டிருக்க வேண்டும். தோல் மக்கி அழிவது இயல்பு. ஆகவே துருத்தி கிடைக்காவிட்டாலும் அது இருந்ததென்றே கொள்ளவேண்டும். இந்த முடிவு நியாயமாகவே தோன்றியது. ஆனால் மண்குழாய் வேறொரு கதையைச் சொல்லக் காத்திருந்தது.

பசறையிலிருந்து பதுளைக்குச் சென்று, பண்டாரவளை வழியாக மலைமுகட்டைக் கடந்து, ஹல்துமுல்லை இறக்கத்தில் இறங்கினால், தெற்கே தாழ்நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம். அதே வீதி பெலிகுல் ஓயாவைத் தாண்டிப் பலாங்கொடைக்குச் செல்கின்றது. ஊவாவின் எல்லையை அடுத்து இரத்தினபுரி மாவட்டத்தில் அமைந்த அந்தச் சரிவுகளிலே, வளவை கங்கையை மறித்துச் சமனலவெவ நீர்மின் திட்டம் அமைக்கப்பட்டது. நீர்த்தேக்கம் நிரம்பினால் பல பழைய இடங்கள் நீருக்குள் மறைந்துவிடும். ஆதலால் 1988 ஆம் ஆண்டில் அந்த நிலப்பரப்பில் தொல்பொருள் ஆய்வு தொடங்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் ஜில் ஜூலெஃப் என்ற ஆங்கில நாட்டு அம்மையார்.

அங்கே எங்கு நோக்கினும் இரும்புக் கிட்டமும் உடைந்த மண்குழாய்களும் குவிந்து கிடந்தன. ஆய்வு முன்னேற முன்னேற, எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஒரே வகையான இரும்பு உலைகள் இருந்தமை தெரியவந்தது. அவற்றின் அமைப்பு விந்தையானது. குமாரசுவாமி கண்ட உலைகளைப்போல அவை குறுகி உயர்ந்தவை அல்ல. பக்கவாட்டில் நீண்டு, உயரம் குறைந்து, இடுப்பளவுக்கும் எட்டாதவை. பின்சுவர் வளைந்து நிலையாகக் கட்டப்பட்டிருந்தது. முன்சுவரோ ஒவ்வொரு முறையும் புதிதாக எழுப்பப்பட்டது. வேலை முடிந்ததும் அதனை உடைத்து, உள்ளே திரண்ட இரும்பை வெளியே எடுத்தார்கள். முன்சுவரின் அடியில் மண்குழாய்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் சுவருடன் குழாய்களும் உடைந்தமையினாலேயே அத்துணைக் குவியல்கள் சேர்ந்தன.

இங்கேதான் மூன்றாவது சாட்சியாகிய இடம் பேசத் தொடங்கியது. அந்த உலைகள் ஆற்றங்கரையில் இல்லை; ஊருக்கு நடுவிலும் இல்லை. மலைமுகடுகளுக்கு அருகே, காற்று நேராக வந்து மோதும் சரிவுகளில் இருந்தன. அவை யாவும் மேற்குத் திசையையே நோக்கி நின்றன. ஒன்றிரண்டு உலைகள் அவ்வாறு இருந்தால் தற்செயல் எனலாம். எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அவ்வாறு இருப்பது தற்செயலாக முடியாது. மேலும், வரிசையாகப் பதித்த அத்தனை குழாய்களுக்கும் துருத்தி வைத்து ஊத எத்தனை பேர் வேண்டும்! அவர்கள் நின்று மிதிக்கும் மேடை எங்கே? துருத்திக் கலம் வைத்த குழி எங்கே? எதுவும் அங்கே காணப்படவில்லை.

ஒரு பொருள் கிடைக்காதபோது, அது அழிந்துபோயிற்று என்று கருதுவது ஒரு வழி. அது தொடக்கத்திலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாமோ என்று வினவுவது மற்றொரு வழி. ஜூலெஃப் அம்மையார் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். மண்குழாயின் மறுமுனையில் துருத்தி இல்லையென்றால் அங்கே இருந்தது என்ன? மேற்கிலிருந்து வீசும் பருவக்காற்றே அங்கே இருந்தது!

பசறை வாழ்நருக்கு இந்தக் காற்றை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி ஊவாவிற்குள் வறண்ட காற்றாக இறங்குகின்றது. மக்கள் அதனைக் கச்சான் என்பர். ஆடி ஆவணியில் நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டங்களை அது உலுப்புகின்றது. அந்த வறட்சியிலே தேயிலைக் கொழுந்து மெல்ல வளர்ந்து தனி மணம் பெறுகின்றது. ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயர்பெற்றது அக்காற்றின் உபயமே. சமனலவெவப் பகுதியும் அந்த முகட்டின் மழைமறைவில் இருப்பதால், அங்கும் அதே மாதங்களில் காற்று பலமாகவும் வறண்டும் வீசுகின்றது. திறந்த வெளியில் உலை மூட்டுவோருக்கு வேண்டியதும் அதுவே: பலமான காற்று, மழையில்லாத காற்று.

இக்கருத்துக்குத் தடை ஒன்று எழுந்தது. இரும்புத் தாதிலிருந்து இரும்பைப் பிரிக்க ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பம் பல மணிநேரம் சீராக வேண்டும். இயற்கைக் காற்றோ ஒருகணம் சீறும், மறுகணம் தணியும். அத்தகைய காற்றை நம்பி நல்ல இரும்பு எடுக்க முடியாதென்பதே நெடுங்காலமாக அறிஞர் பலரின் எண்ணமாக இருந்தது.

இத்தடைக்கு விடைகாணச் சொல்வன்மை பயன்படாது. உலையை மூட்டித்தான் பார்க்கவேண்டும். 1994 ஆம் ஆண்டின் காற்றுக்காலத்தில் அவ்வாறே செய்தார்கள். பழைய உலைகளின் அளவிலும் வடிவிலும் புதிய உலைகள் மலைச்சரிவில் கட்டப்பட்டன. உள்ளூர்த் தாதும் கரியும் இடப்பட்டன. துருத்தி ஒன்றும் இல்லை. காற்று வந்தது, உலை எரிந்தது, இரும்பு திரண்டது. அதிலும் ஒரு வியப்பு. வெளிவந்த இரும்பில் கரிச்சத்து மிகுந்த உருக்கும் இருந்தது. வேறொரு முறையில் மீண்டும் காய்ச்சிப் பெறவேண்டிய உருக்கை இந்தக் காற்றுலை நேரடியாகவே தந்தது. இச்செய்தி 1996 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘நேச்சர்’ என்ற உலகப் புகழ்பெற்ற விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது. உலைகளின் காலம் பெரும்பாலும் கி.பி. 7 ஆம் நூற்றாண்டிலிருந்து 11 ஆம் நூற்றாண்டு வரை என்று கணிக்கப்பட்டது.

சீறியும் தணிந்தும் வீசும் காற்று எங்ஙனம் சீரான வெப்பத்தைத் தந்தது? இதற்கு விடை அந்தத் தாழ்ந்த நீண்ட வடிவத்திலே இருக்கின்றது. கச்சான் வீசும் இரவில் லயத்துத் தகரக்கூரை படபடத்துக் கிளம்புவதை மலைநாட்டார் அறிவர். காற்றுக் கீழிருந்து தள்ளுவதனால் மட்டும் தகரம் எழுவதில்லை. கூரையின் விளிம்பைத் தாண்டி விரைந்து பாயும்போது அதன் மேற்புறத்தில் காற்றழுத்தம் குறைகின்றது. அந்தக் குறைவே தகரத்தை மேல்நோக்கி இழுக்கின்றது. உலையிலும் நிகழ்ந்தது இதுவே. காற்று முன்சுவரின் உச்சியைத் தாண்டிப் பாயும்போது, சுவருக்கு உட்புறத்தே மேலே அழுத்தம் குறைந்தது. அந்த இழுப்பினால், அடியிலுள்ள மண்குழாய்கள் வழியே வெளிக்காற்று உள்ளே ஈர்க்கப்பட்டது. சுருங்கச் சொன்னால், காற்று உலையை ஊதியதைவிட உலை காற்றை உறிஞ்சியதே மிகுதி. வெளியே காற்று ஏறி இறங்கினாலும் இந்த உறிஞ்சுதல் பெரிதும் நிலைத்து நின்றது. 2005 ஆம் ஆண்டில் கணினியின் உதவிகொண்டு செய்த கணிப்புகளும் இதனை உறுதிப்படுத்தின.

இதனைக் கண்டறிந்த பழங்காலத்துத் தொழிலாளி அழுத்தம் என்ற சொல்லை அறிந்தவன் அல்லன். எந்தச் சரிவில் எந்த உயரத்தில் சுவர் எழுப்பினால் நெருப்பு சீராக எரியும் என்பதை அவன் கையும் கண்ணும் அறிந்திருந்தன. தந்தையிடம் மகன் கற்றான்; மகனிடம் பேரன் கற்றான். அந்த அறிவுக்கு எஞ்சிய சாட்சி மண்குழாய் ஒன்றே. ‘துருத்தி மூக்கு’ என்று அதற்குப் பெயரிட்டு ஒதுக்கியிருந்தால், பருவக்காற்றைப் பணிகொண்ட ஒரு மக்கட்கூட்டத்தின் மதிநுட்பம் உலகுக்குத் தெரியாமலே போயிருக்கும். கருவியின் பயனைத் தவறாக உரைப்பது அதனைச் செய்தவரின் அறிவை மறைப்பதாகும். இதுவே இங்கு மனங்கொள்ள வேண்டிய செய்தி.

மண்குழாயைப்போலவே மயக்கம் தருகின்ற இன்னொரு பொருளும் உண்டு. அதுவும் களிமண்ணால் ஆனது. அதுவும் நெருப்பில் வெந்து கறுத்துப் பளபளப்பது. பலாங்கொடைப் பகுதியைச் சேர்ந்த மாவல்கஹ என்ற சிற்றூரில் கிடைத்த அத்தகைய துண்டுகள் நீண்டு ஒடுங்கிக் குழாய் வடிவாகவே இருக்கின்றன. ஆனால் ஒரு வேற்றுமை: ஊதுகுழாய் இருபுறமும் திறந்திருக்கும், இது ஒருபுறம் அடைபட்டிருக்கும். ஊதுகுழாயின் வெளிப்புறத்தில் ஒரு முனைமட்டும் உருகியிருக்கும். இதன் வெளிப்புறம் முழுவதும் நெருப்பு தீண்டியிருக்கும். இது காற்றுச் செல்லும் வழியன்று. உருக்குக் காய்ச்சும் மூசை. பொற்கொல்லர் பொன்னை உருக்கும் மூசைக்கு இது உறவு.

இந்த மூசைக்குள் இரும்புத் துண்டும் ஆவாரை மரச் சிராய்களும் இட்டு, வாயை மண்ணால் மூடி, உலையில் வைத்துக் கடும் வெப்பம் ஊட்டினர். மரம் கரியாகியது, கரியின் ஒரு பங்கு இரும்பிலே கலந்தது, இரும்பு உருகி உருக்காயிற்று. குமாரசுவாமி இத்தொழிலை இலங்கையில் கண்டு எழுதினார். அவருக்கு முன்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவிய ஹீத் என்ற ஆங்கிலேயர் தமிழ்நாட்டின் உருக்குத் தொழிலை விவரித்தார். அங்கும் ஆவாரை மரமே. அதன்மேல் எருக்கிலை மூடி. இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கிக் காய்ச்சுதல். கடல் இடையே கிடப்பினும் ஆவாரை இருகரையிலும் ஒரே பணியைச் செய்தது.

இந்த உருக்கு அயல்நாட்டாரை மயக்கியது. கி.பி. 9 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்கிந்தி என்ற அரபு அறிஞர் வாள்களைப்பற்றி எழுதிய நூலில் செரண்டீப் வாள்களையும் குறிப்பிடுகின்றார். செரண்டீப் என்பது இலங்கைக்கு அராபியர் வழங்கிய பெயர். சமனலவெவ உலைகள் எரிந்துகொண்டிருந்த காலமும் அதுவே. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, ‘ஊட்ஸ்’ என்ற பெயரோடு தென்னிந்திய உருக்குக் கட்டிகள் இங்கிலாந்துக்குச் சென்றன. கன்னட மொழியில் உருக்கைக் குறிக்கும் ‘உக்கு’ என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். அந்த உருக்கின் இரகசியத்தை அறிய 1819 ஆம் ஆண்டு முதல் முயன்றவர்களுள் ஒருவர் மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சார விஞ்ஞானத்துக்கு வித்திட்ட அதே ஃபாரடேதான். அவர் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியிடம் உதவியாளராகத் தொழில் தொடங்கியவர். இலங்கை இரும்பு உலையைப்பற்றி எழுதிய ஜோன் டேவி அந்த ஹம்ப்ரியின் உடன்பிறந்த தம்பி. ஒருவர் இங்கே உலையைப் பார்த்து எழுதினார். மற்றவரின் உதவியாளர் அங்கே உருக்கை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டிலோ அந்த மூசைத் துண்டுகள் வயலோரங்களில் கேட்பாரற்றுக் கிடந்தன. தென்னார்க்காட்டுப் பகுதியின் மேல்சிறுவளூரில் கிடைத்த துண்டுகள் உருக்குக் காய்ச்சிய மூசைகளே என்பதைச் சாரதா சீனிவாசன் ஆராய்ந்து வெளியிட்டது 1994 ஆம் ஆண்டிலேதான்.

ஊவாத் தோட்டங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இச்செய்தியில் தனிப்பட்ட உரிமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்க்கப்பட்டபோது, சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து அவர்களுடைய முன்னோர் வந்தனர். இவற்றுள் சேலமும் திருச்சிராப்பள்ளியும் உருக்குக் காய்ச்சுவதில் பெயர்பெற்ற நாடுகள். அத்தகைய நாட்டிலிருந்து வந்தவர் கையில் இங்கிலாந்தின் வுல்வர்ஹம்டன் நகரத்தில் செய்த முதலைச் சின்ன மண்வெட்டி கொடுக்கப்பட்டது. கப்பலில் வந்திறங்கிய மலிவான இரும்பு இரு கரையிலும் உள்ள உலைகளை அணைத்தது. 1924 ஆம் ஆண்டில் பதுளைக்குப் புகையிரதம் வந்தபோது, பலாங்கொடையின் உலைகள் பெரும்பாலும் நினைவாகவே எஞ்சியிருந்தன. ஆசனத்தில் அமர்ந்து ஊராரைத் துருத்தி ஊதச்செய்த கொல்லரின் இடத்தில், மழுங்கிய கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவதும் முறிந்த முள்ளைச் செப்பனிடுவதுமே தொழிலாகக் கொண்ட தோட்டத்துக் கொல்லர் வந்தார். மலைநாட்டுத் தொழிலாளரை வெறும் உடலுழைப்பாளர் என்று எண்ணுவோர் இன்றும் உளர். உருக்கின் வரலாறு அறிந்தோர் அவ்வாறு எண்ணமாட்டார்.

சமனலவெவ நீர்மின் நிலையம் 1992 ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. பழைய உலைக்களங்கள் சில நீருக்குள் ஆழ்ந்தன. ஆயினும் அவை ஆழுமுன் ஒருவர் குனிந்து, மண்குழாயொன்றைக் கையிலெடுத்து, உரிய வினாவைக் கேட்டார். அந்த வினா கேட்கப்பட்டமையால் வரலாறு பிழைத்தது.

தோட்டத்துப் பட்டறைகளிலும் கிராமத்துக் கொல்லைகளிலும் இன்னும் எத்தனையோ பழைய கருவிகள் கிடக்கின்றன. அவற்றைக் காண்போர் செய்யவேண்டியவை சிலவே. கண்டெடுத்த பொருளை உடனே தேய்த்துக் கழுவக்கூடாது. அதன்மேல் ஒட்டிய கிட்டமும் கரியும்தான் அதன் பயனைக் கூறும். எந்த இடத்தில், எந்தத் திசை நோக்கிக் கிடந்தது என்பதை எழுதி வைக்கவேண்டும். இடத்தை இழந்த கருவி பாதி நாவை இழந்த சாட்சி. அதன் பெயரையும் பயனையும் முதியோரிடம் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் குறித்துக்கொள்ள வேண்டும். மிகப் பழைய பொருளாகத் தோன்றினால் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் எதிர்பார்ப்பதும் அதுவே. பாடசாலை மாணவரும் இதனை எளிதிற் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, விடையை முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு கருவியை அணுகலாகாது. துருத்தி இருந்தே தீரும் என்று எண்ணியவர்களுக்கு மண்குழாய் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையை அறியும் ஆவலோடு கேட்டவருக்கு அது ஆயிரம் ஆண்டு வரலாற்றையே சொல்லிற்று.

அடுத்த ஆடி மாதத்தில் கச்சான் எழுந்து பசறை மலைகளில் தேயிலைச் செடிகளை அலைக்கும். அதே பருவக்காற்று முகட்டுக்கு அப்பால், மேற்கு நோக்கிய சரிவுகளிலும் வீசும். ஒருகாலத்தில் அது அங்கே மண்குழாய்களின் வழியே புகுந்து இரும்பை ஈன்றது. அன்று அதற்குத் துருத்தி வேண்டியிருக்கவில்லை. அதன் போக்கை அறிந்த மனிதர் மட்டுமே வேண்டியிருந்தனர்.